முனியாண்டிக்கு, சுங்கை சிப்புட்டிலிருந்து

அன்புள்ள முனியாண்டி,

போனில் என் உடம்பைப் பற்றி நீ கேட்டபோது "ஒன்றுமில்லைடா" என்று மழுப்பினேன். பொய். குடலுக்குள் கேமரா விட்டுப் பார்த்ததில் இரண்டு பாலிப், அதாவது சின்னச் சதை முளை, இருந்தது, ஒன்று மொச்சைக்கொட்டை அளவு. அங்கேயே வெட்டி எடுத்துவிட்டார்கள். புற்று இல்லை, பதறாதே.

தீபாவளிக்கு வந்த அண்ணன் மகளிடம் இதைச் சொன்னேன். செல்லைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவள் அல்லவா, முறுக்குத் தட்டை நடுவில் வைத்துக்கொண்டு இரவு பன்னிரண்டு மணிவரை பேசினாள். ஐந்தாம் படிவத்துப் பிள்ளைகளுக்கு எத்தனையோ வருஷம் உயிரியல் நடத்தியவன் நான். யாரும் தொடாத ஜீன் தானாக அணைந்து கிடக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். பல ஜீன்களை அணைத்து வைப்பதற்கென்றே ஆள் உட்கார்ந்திருக்கிறான் என்கிறாள்!

நம் ரப்பர் தோட்டத்து கேட்டில் காவலிருந்த ஜாகா தாத்தாவை நினைத்துப் பார். சத்தம் போடாமலிருக்கச் சங்கிலியில் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றி வைத்திருப்பாரே. கேட்டைச் சாத்தினவரும் அவர்தான், துரை கார் வந்தால் திறந்தவரும் அவர்தான்.

டி.சி.எஃப். என்ற புரதமும் அப்படித்தான் டி.என்.ஏ.மேல் உட்கார்ந்திருக்கிறது. தனியாக அதற்குப் பெரிய அதிகாரமில்லை, யாரோடு கைகோர்க்கிறது என்பதில்தான் விஷயமே. குரௌச்சோ என்ற புரதம் சேர்ந்தால் ஜீன் அணைந்துவிடும். டி.என்.ஏ. சுற்றியிருக்கிற ஹிஸ்டோன் என்ற புரத உருளைகளில் அசிட்டைல் என்று சின்னச் சின்ன ஒட்டுகள் இருக்கும். குரௌச்சோ கூட்டி வருகிற நொதி அவற்றைக் கழற்றிப் போடும். சுருள் இறுகிப்போகும், படிக்க வருகிற புரதங்களுக்கு உள்ளே போக வழியிருக்காது. டி.சி.எஃப்.போடு குரௌச்சோ சேருவதை 1998இல் கண்டுபிடித்தார்களாம். பெயரைக் கேட்டால் சிரிப்பாய். இந்த ஜீன் பழுதான பழ ஈக்குக் கண்ணுக்குமேல் முடி புதராக வளருமாம். அமெரிக்க நகைச்சுவை நடிகர் குரௌச்சோ மார்க்ஸின் புருவம் மாதிரி இருக்கிறதென்று அவர் பெயரையே வைத்துவிட்டார்கள்.

பீட்டா கேட்டெனின் என்று இன்னொரு புரதம். அது உட்கருவுக்குள் வந்தால் குரௌச்சோவின் இடத்தைப் பிடித்துக்கொண்டு அதே டி.சி.எஃப்.போடு சேரும். ஜீன் விழித்துக்கொள்ளும், செல் இரண்டிரண்டாகப் பிரிந்து பெருகத் தொடங்கும். அதனால் செல் அதை உள்ளே விடுவதில்லை. ஏ.பி.சி., ஆக்சின் என்ற புரதங்கள் ஒரு கூட்டணியாக அதைப் பிடித்து, பாஸ்பேட் முத்திரை குத்தி, அழிக்க அனுப்பிவிடும். உண்டாக்க உண்டாக்க அழிப்பது வெட்டி வேலை என்றுதான் எனக்குப் பட்டது, வாய்விட்டும் சொன்னேன். "அவசரத்துக்குப் புதுசாகச் செய்துகொண்டிருக்க முடியுமா சித்தப்பா? அழிப்பதை நிறுத்தினால் போதுமே" என்றாள். பக்கத்துச் செல்லிலிருந்து விண்ட் என்ற சமிக்ஞை வந்தால் அந்தக் கூட்டணி கையைக் கட்டிக்கொள்ளும், கேட்டெனின் குவிய ஆரம்பித்துவிடும். குடலின் உள்தோல் நான்கைந்து நாளுக்கொரு முறை புதுசாக முளைப்பதே இதனால்தான்.

என் கதைக்கு வருகிறேன். பெருங்குடல் புற்றில் பெரும்பாலும் முதலில் கெட்டுப்போவது ஏ.பி.சி. ஜீனாம். அது கெட்டால் விண்ட் வராமலேயே கேட்டெனின் குவியும், குரௌச்சோ ஒதுங்கிவிடும், செல் தன் பாட்டுக்குப் பெருகும். பாலிப்பின் தொடக்கமே அநேகமாக இதுதான் என்கிறாள். என்னுடையதும் இப்படித்தான் வந்ததா என்று கேட்டேன். சோதித்துப் பார்க்காமல் சொல்லமாட்டேன் என்று முறுக்கை எடுத்துக் கடித்துக்கொண்டாள். கெட்டிக்காரி.

இங்கே வேறு விசேஷமில்லை. நாம் பால் வெட்டின நிரையெல்லாம் செம்பனையாகி எத்தனையோ காலமாயிற்று, காலையில் ஆள் கணக்கெடுத்த பெரட்டுக்களத்தில் இப்போது லாரி நிற்கிறது.

உனக்கும் என் வயதுதான், ஒரு தடவை போய்ப் பார்த்துக்கொள். கேமராவெல்லாம் ஒன்றுமில்லை, தூங்க வைத்துவிடுவார்கள். முதல் நாள் இரவு குடிக்கக் கொடுக்கிற மருந்துதான் கொடுமை. அன்றைக்கு வீட்டுக்கு விருந்தாளி வராமல் பார்த்துக்கொள், கக்கூஸ் உனக்கு மட்டும்தான் என்று அக்காவிடம் முன்கூட்டியே சொல்லிவை.

அன்புடன்,
சின்னையா