வெள்ளத்தில் போன மரங்களைத் தேடிப்போன ஊர்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் வந்த சீன மரவேலைக் கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். என் அப்பா ஆசாரி. நானும் முப்பது வருடம் பையன்களுக்கு மரவேலை சொல்லிக்கொடுத்தவன். ஆணியே இல்லாமல், மர நுனியில் செதுக்கும் கழுந்தையும் அது நுழையும் துளையையும் நம்பிக் கட்டும் முறையை நன்றாக விளக்கியிருந்தீர்கள். ஆனால், நகரத்து வடிவமைப்பாளர்கள் கையில் எடுத்தால்தான் இந்தத் தொழில் பிழைக்கும் என்று முடித்திருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

2019இல் மகனோடு சீனாவின் செஜியாங் மாகாணத்தில் உள்ள தைஷுன் பகுதிக்குப் போயிருந்தேன். மலையும் ஆறுமான இடம். ஆறுகளின் மேல் கூரை போட்ட மரப்பாலங்கள். ஒற்றை மரம் எட்டாத அகலத்துக்கு, குட்டை மரங்களை மூன்று துண்டாக ஒரு வரிசை, ஐந்து துண்டாக இன்னொரு வரிசை என்று சாய்த்து, ஒன்றுக்குள் ஒன்றை நுழைத்துப் பாய் முடைவதுபோல முடைந்துவிடுகிறார்கள். மேலே பாரம் ஏற ஏறப் பிடி இறுகும். கூரை மழைக்கு மட்டும் இல்லை, பாலத்தை அழுத்தி நிறுத்தவும்தான்.

2016 செப்டம்பரில் மெராந்தி புயல் மழையில் அங்கே ஷுவேஜாய், வென்சிங் உட்பட மூன்று பழைய பாலங்கள் அடித்துக்கொண்டு போயின. ஊர்க்காரர்கள் ஆற்றோரமாகவே இறங்கிப்போய் மரங்களைத் தேடித் தேடி எடுத்துவந்தார்கள். பெரிய மரங்களில் பெரும்பகுதி கிடைத்துவிட்டது. அப்புறம் ஆசாரிகள் எந்த மரம் எந்த இடத்தது என்று பார்த்து, உதவாததை மட்டும் மாற்றி, 2017 கடைசியில் மூன்றையும் நிறுத்திவிட்டார்கள்.

வென்சிங் பாலத்துக்குள் ஒரு தூணைத் தடவிப் பார்த்தேன். கீழே வெளுத்த புது மரம், மேலே கறுத்த பழைய மரம். இரண்டும் சேரும் இடத்தில் நகத்தை வைத்து இழுத்தேன், தட்டவே இல்லை. அப்பா இருந்திருந்தால் அந்த இடத்தைவிட்டு நகர்ந்திருக்க மாட்டார்.

இந்தப் பாலங்களின் உத்திரங்களில் மையால் எழுதிவைப்பது வழக்கம். கட்டிய ஆசாரிகளின் பெயரும் இருக்கும், பணம் கொடுத்தவர்களின் பெயரும் இருக்கும். சாமி மாடம் உண்டு, உட்காரப் பலகை உண்டு. ஊரே சேர்ந்து கட்டியது என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

பாலம் கட்டும் இந்தக் கலையை 2009இல் யுனெஸ்கோ அவசரமாகக் காக்க வேண்டியவற்றின் பட்டியலில் வைத்தது. 2024 டிசம்பரில் அதிலிருந்து எடுத்து, மனித குலத்தின் மரபுகளுக்கான பொதுப் பட்டியலுக்கு மாற்றியது. இடையில், 2022 ஆகஸ்டில், பக்கத்து மாகாணமான ஃபூஜியானில் இதே வகையான வான்ஆன் பாலம் எரிந்துபோனது. கட்டத் தெரிந்த கைகள் இருந்ததால் அதையும் திரும்பக் கட்ட முடிந்தது.

வடிவமைப்பாளர்கள் வரட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. வரைபடத்தை முடித்து எடுத்துக்கொண்டு வரக்கூடாது. ஒருமுறை எங்கள் பட்டறைக்கு அப்படி ஒரு நாற்காலிப் படம் வந்தது. கால் வளையும் இடத்தில் மரத்தின் நார் குறுக்கே வெட்டுப்படும், ஒடியும் என்றேன். கேட்கவில்லை. முதல் மாதமே ஒடிந்தது. ஆசாரியும் அதில் உட்காரப் போகிறவரும் முதல் கோடு போடும்போதே கூட இருக்க வேண்டும்.

அடுத்த முறை உங்கள் நிருபர் தைஷுன் பக்கம் போனால், பாலம் கட்டும் தலைமை ஆசாரி ஒருவரைப் பார்த்து எழுதச் சொல்லுங்கள். ஈர மரத்தில் கழுந்துக்கு எவ்வளவு தளர்வு விடுவார் என்று மறக்காமல் கேட்கச் சொல்லுங்கள். நான் கேட்காமல் வந்துவிட்டேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மரவேலை ஆசிரியர், காரைக்குடி