ஒற்றை ஸ்ட்ரெய்னை வைத்துப் புதுப் பெயர் சூட்டுவதை நிறுத்துங்கள்: ஹாலோபாக்டீரியா வகைப்பாட்டுத் துணைக்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய துணைக்குழு உறுப்பினர்களுக்கு, வணக்கம்.

நான் தூத்துக்குடிப் பக்கம் ஒரு கல்லூரியில் நுண்ணுயிரியல் சொல்லிக்கொடுக்கிறேன். வெயில் ஏறிய மாதங்களில் இங்கே உப்பளப் பாத்திகளில் தண்ணீர் இளஞ்சிவப்பாகத் தேங்கிக் கிடக்கும். பிள்ளைகளை அங்கே கூட்டிக்கொண்டு போய், இந்த நிறத்தில் பெரும்பங்கு உப்பை விரும்பும் ஆர்க்கியாவுடையது, அவை பாக்டீரியா போலத் தெரிந்தாலும் வேறு பிரிவைச் சேர்ந்த ஒற்றைச் செல் உயிர்கள், இந்தக் குழுவுக்கு ஹாலோபாக்டீரியா என்று பெயர் என்று சொல்வேன். "இதுல இருக்கிற உயிருக்குத் தனிப் பேர் என்ன சார்?" என்ற கேள்வி உடனே வரும். அங்கேதான் நான் தடுமாறுகிறேன்.

பாக்டீரியாவே அல்லாத ஆர்க்கியாவுக்கு ஹாலோபாக்டீரியம் என்று பெயர் இருப்பதைப் பற்றி எழுதவில்லை. அந்தப் பெயர் வந்தது 1957ல். ஆர்க்கியா தனிப் பிரிவு என்று காரல் வோஸும் ஜார்ஜ் ஃபாக்ஸும் காட்டியது 1977ல்தான். பொருத்தமில்லை என்ற ஒரே காரணத்துக்காக ஒரு பெயரை மாற்றக் கூடாது என்று பெயரிடல் விதிகள் சொல்கின்றன, சரி, அதை ஏற்றுக்கொள்கிறேன். 2015லும் 2016லும் ராதே குப்தாவும் சக ஆய்வாளர்களும் ஒரே வரிசை (குடும்பங்களுக்கு மேலுள்ள வகைப்பாட்டு அடுக்கு), ஒரே குடும்பம் என்று கிடந்த இந்தக் குழுவை மூன்று வரிசைகளாகவும் ஆறு குடும்பங்களாகவும் பிரித்ததிலும் எனக்கு மனக்குறை இல்லை. ஜீனோம்களை, அதாவது உயிர்களின் முழு மரபணுத் தொகுப்புகளை, ஒப்பிட்டுச் செய்த வேலை அது. பழைய பாடப்புத்தகத்தோடு ஒத்துப்போகவில்லை என்றால் புத்தகத்தைத் திருத்திக்கொள்ளலாம்.

என் கவலை அடிமட்டத்தில், சிற்றினம் என்று நாம் சொல்லும் இடத்தில். ஒரு உப்பளத்திலிருந்து ஒரே ஒரு ஸ்ட்ரெய்னை (தனியாகப் பிரித்து வளர்த்த ஒரு நுண்ணுயிர் வகையை) எடுத்து, அதற்கு ஒரு புதுச் சிற்றினப் பெயர், சில சமயம் ஒரு புதுப் பேரினமே (சிற்றினங்களைத் தொகுக்கும் மேல் அடுக்கு) கொடுத்துவிடுகிறோம். இரண்டாவது ஸ்ட்ரெய்னை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். அந்தச் சிற்றினத்துக்குள் என்னென்ன மாறும், எது மாறாது என்று ஒன்றை மட்டும் வைத்து எப்படிச் சொல்வது?

இதனால் என்ன ஆகும் என்பதற்கு இந்தக் குடும்பத்தின் மூத்த பிள்ளையே சாட்சி. 1922ல் கனடாவில் ஹாரிசனும் கென்னடியும் உப்பிட்ட காட் மீன் சிவந்துபோவதை ஆராய்ந்து ஒரு உயிருக்குப் பெயர் வைத்தார்கள். அப்புறம் உப்பிட்ட மீனிலிருந்தும் தோலிலிருந்தும் வேறு வேறு பெயர்கள் வந்தன. சலினேரியம், ஹாலோபியம், குட்டிரூப்ரம் என மூன்று சிற்றினங்களாக அவை பல்லாண்டுகள் புழங்கின. கடைசியில் 1996ல் வென்டோசாவும் ஓரனும் மூன்றும் ஒன்றே என்று ஹாலோபாக்டீரியம் சலினேரம் என்ற ஒரே பெயரின் கீழ் கொண்டுவந்தார்கள். இடையில் வந்த கட்டுரைகளைத் தேடும் என் மாணவர்கள் இன்றும் மூன்று பெயரையும் போட்டுத் தேட வேண்டியிருக்கிறது.

சிற்றினங்களைப் பிரித்தறிய நாம் வழக்கமாக ஒப்பிடும் 16எஸ் மரபணு என்ற அளவுகோலும் நம்பும்படி இல்லை. சாக்கடலிலிருந்து கிடைத்த ஹாலோஆர்க்குலா மரிஸ்மார்டுயி என்ற சிற்றினத்தில் அந்த மரபணுவின் பிரதிகளே ஒன்றுக்கொன்று சுமார் 5 சதவீதம் வேறுபடுகின்றன, அதுவும் ஒரே செல்லுக்குள். அந்த மரபணுவை மட்டும் வைத்துப் பார்த்தால் ஒரே உயிரை இரண்டு சிற்றினமாகப் பதிவு செய்துவிடலாம்.

இதைவிட என்னை யோசிக்க வைப்பது, இவை வேலி தாண்டி மரபணுவைக் கொடுத்து வாங்கும் விதம். ஹாலோஃபெராக்ஸ் வொல்கானி என்ற சிற்றினத்தின் செல்கள் பாலம் போட்டதுபோல ஒட்டிக்கொண்டு டி.என்.ஏ.வைப் பரிமாறுவது 1980களிலேயே தெரியும். 2012ல் வந்த ஆய்வு, அது தன் உறவான ஹாலோஃபெராக்ஸ் மெடிடெரேனி என்ற வேறு சிற்றினத்துடனும் சேர்ந்து, பல லட்சம் டி.என்.ஏ. எழுத்து நீளமான துண்டுகளை மாற்றிக்கொண்டு கலப்பு உயிர்களைத் தருகிறது என்று காட்டியது. இரண்டின் ஜீனோம் ஒற்றுமை 86 சதவீதத்தை ஒட்டித்தான். சிற்றின எல்லை என்று நாம் வைத்திருப்பதோ 95 சதவீதம்! அண்டார்டிகாவின் டீப் லேக் என்ற உப்பேரியில் பேரினங்களுக்கு இடையிலேயே பரிமாற்றம் நடக்கிறது, ஆனாலும் அவை கரைந்து ஒன்றாகிவிடவில்லை, தனித்தனியாகவே நிற்கின்றன. அப்படியானால் எல்லை என்று ஒன்று இருக்கிறது. அது எங்கே என்பது ஒரே ஏரியிலிருந்து நிறைய உயிர்களை எடுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

என் மாணவி ஒருத்தி பாத்தியிலிருந்து ஒரே மாதிரியான நான்கு ஸ்ட்ரெய்ன்களைப் பிரித்தெடுத்தாள். ஒன்றுக்கு மட்டும் ஜீனோம் போட்டால் போதும், கட்டுரை வந்துவிடும் என்று அவளுக்கு அறிவுரை கிடைத்தது. மற்ற மூன்றும் ஃப்ரீசரில் கிடக்கின்றன. அவற்றை நினைத்தால் இப்போதும் எனக்கு மனது கஷ்டமாக இருக்கிறது.

புதுச் சிற்றினங்களை விவரிப்பதற்கு உங்கள் குழு வைத்திருக்கும் தரநிலைகள் பரிந்துரைதான், சட்டம் இல்லை என்று தெரியும். ஆனாலும் இதழ்களும் மதிப்பீட்டாளர்களும் அவற்றைத்தான் பார்க்கிறார்கள். ஆகவே கேட்கிறேன்: புதுச் சிற்றினம் என்றால் குறைந்தது மூன்று ஸ்ட்ரெய்ன்கள், மூன்றுக்கும் ஜீனோம் என்று அழுத்தமாக எழுதுங்கள். வால்ஸ்பி என்ற ஆய்வாளர் 1980ல் சினாயில் கண்ட சதுர வடிவ ஆர்க்கியாவை வளர்த்தெடுக்க 2004 வரை ஆனது. அப்படி வளர்க்கவே அரிதானவற்றுக்கு விலக்கு கொடுங்கள், ஏன் ஒன்றுதான் கிடைத்தது என்ற காரணத்தைக் கட்டுரையிலேயே எழுதச் சொல்லுங்கள். ஒரே ஸ்ட்ரெய்னோடு நிற்கும் பழைய பெயர்களைத் தனியாகக் குறித்து ஒரு பட்டியலும் வெளியிடுங்கள். எங்கள் பாத்தியில் அவற்றின் உறவு ஏதாவது இருக்கிறதா என்று நாங்கள் தேடத் தயாராக இருக்கிறோம்.

அன்புடன்,
ஒரு நுண்ணுயிரியல் ஆசிரியர்