பயிற்சிச் சனிக்கிழமைகளில் பிள்ளைகளை அழைத்துச் செல்வது பற்றி

அன்புள்ள பெற்றோர்களுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

அரையாண்டு நல்லபடியாகப் போனது, அல்ஹம்துலில்லாஹ். கிராஅத் (குர்ஆன் ஓதும்) போட்டியில் பிள்ளைகள் பரிசு வாங்கினார்கள். குர்ஆனின் கடைசிப் பகுதியான அம்ம ஜுஸ்வின் 37 சூராக்களையும் (அத்தியாயங்களையும்) சிலர் பார்க்காமல் ஒப்பித்துவிட்டார்கள். தொழுகைக்கு முன் ஒளுச் செய்யும் (கை, கால், முகம் கழுவும்) இடத்தில் புதுக் குழாய்கள் போட்டாயிற்று. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

நம் மதரஸாவின் உஸ்தாபிகள் (ஆசிரியைகள்) எல்லோரும் இதே மஹல்லாவில், நம் பள்ளிவாசல் பகுதியில், வாழும் பெண்கள். நன்றாக ஓதுகிறவர்கள்தான், ஆனாலும் ஓதிக்கொடுப்பதைத் தனியாகக் கற்க வேண்டியிருக்கிறது. அதனால்தான் ஜமாஅத் செலவில் மாதம் இரண்டு சனிக்கிழமை பயிற்சி வைத்திருக்கிறோம். கோவையிலிருந்து மூத்த ஆலிமா (மார்க்கக் கல்வி முடித்தவர்) ஒருவர் பஸ் ஏறி வருகிறார். ஒருவர் பாடம் எடுக்க, மற்றவர்கள் பிள்ளைகளைப் போல உட்கார்ந்து கேட்டு, பிறகு குறை நிறைகளைச் சொல்வார்கள். ஸீன், ஸாத் என்ற இரண்டு அரபு எழுத்துகளும் நம் பிள்ளைகள் வாயில் ஒன்றாகவே வருகின்றன. நாக்கை எங்கே வைப்பது என்று ஆறு வயதுப் பிள்ளைக்குக் காட்டுவது, பிரம்பில்லாமல் வகுப்பை அமைதியாக்குவது எல்லாம் அங்கேதான் பழகுகிறார்கள். (“ரெண்டு வெச்சுச் சொல்லிக் குடுங்க” என்று கேட்கும் அத்தாமார் (அப்பாக்கள்) இன்னும் இருக்கிறார்கள். அது நடக்காது.)

அந்த நாட்களில் வகுப்பு 4.30 மணிக்கு முடியும், அதன் பிறகுதான் பயிற்சி. ஆனால் 6 மணி வரை பிள்ளைகள் வாசலில் நிற்கிறார்கள். அவர்களைத் தனியே விட மனமில்லாமல் இரண்டு உஸ்தாபிகள் காவல் இருக்கிறார்கள், அவர்களுக்குப் பயிற்சி தவறிப்போகிறது. மஃரிப் (அந்தி நேரத் தொழுகை) பாங்கு சொன்னதும் ஆலிமாவும் கிளம்பிவிடுகிறார்.

சனிக்கிழமை பனியன் கம்பெனிகளில் சம்பள நாள், வரிசையில் நின்றுதான் வாங்க வேண்டும் என்பது எனக்கும் தெரியும். காங்கயம் ரோட்டு நெரிசலும் தெரியும். ஆனால் “அஞ்சு நிமிசம்தானுங்க” என்று போனில் சொல்லிவிட்டு ஒரு மணி நேரம் கழித்து வருவதை இனி ஏற்க முடியாது. வரும் பயிற்சி நாளிலிருந்து 4.45 மணிக்குமேல் பிள்ளை நின்றால், மறு வகுப்புக்கு முன் பெற்றோர் நேரில் வந்து என்னைப் பார்க்க வேண்டும். உங்களால் வர முடியாவிட்டால் யார் வருவார்கள் என்று காலையிலேயே சொல்லிவிடுங்கள். தெரியாத ஆளோடு பிள்ளையை அனுப்ப மாட்டோம்.

பக்கத்து வீட்டுப் பிள்ளைகளையும் சேர்த்து அழைத்துப் போகும் தாய்மார்களுக்கும், பயிற்சிக்கு டீயும் வடையும் கொடுத்தனுப்புகிறவர்களுக்கும் ஜஸாக்கல்லாஹு கைரன். அப்புறம், தெருவாரியாக யார் யார் பிள்ளைகளைச் சேர்த்து அழைக்கலாம் என்று ஒரு பட்டியல் அலுவலகத்தில் இருக்கிறது. பெயர் எழுதிவிட்டுப் போங்கள்.

வஸ்ஸலாம்,
தலைமையாசிரியர்