நைட் டூட்டிக்குப் போகும் மகளுக்கு

கண்ணு,

காலையில் வந்து படுத்தாலும் நாலு மணி நேரத்துக்கு மேல் தூக்கம் பிடிப்பதில்லை என்று போனில் அழுதாயே, அதில் உன் தப்பு எதுவும் இல்லை. இரண்டு கண்களின் நரம்பும் குறுக்கே சந்திக்கும் இடத்துக்குச் சற்று மேலே, மூளைக்குள் சுமார் 20,000 நரம்பணுக்கள் சேர்ந்த சின்ன முடிச்சு ஒன்று இருக்கிறது. உடம்பின் கடிகாரம் அதுதான். டூட்டி சார்ட் அதற்குத் தெரியாது. கண்ணில் விழும் வெளிச்சம்தான் தெரியும். நீ வார்டில் நின்றுகொண்டிருந்தாலும் விடிகாலை நாலு, ஐந்து மணிக்கு அது உடல் சூட்டைத் தணித்துவிடும். பகல் ஏற ஏற விழிப்பைக் கூட்டும்.

அதனால் காலை எட்டு மணி வெயிலை உன் கண்ணில் படவிடாதே. அந்த வெளிச்சம் 'விடிந்துவிட்டது' என்று கடிகாரத்துக்குச் சொல்லிவிடும். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு பஸ்ஸில் வா. தூக்கக் கலக்கத்தில் ஸ்கூட்டி வேண்டவே வேண்டாம், கண் ஒரு நொடி செருகினால் போதும். இரண்டு இட்லி சாப்பிட்டு ஒன்பதுக்குள் படு. ஜன்னலுக்குக் கறுப்புத் துணியை இரட்டையாக மடித்து, சட்டத்துக்கு வெளியே நாலு விரல் நீளும்படி கட்டு. பெரும்பாலும் ஓரத்து இடுக்கு வழியாகத்தான் வெளிச்சம் வரும். நடுவில் விழித்தால் போனைத் தொடாதே. குறைந்த தூக்கத்தை மாலை ஐந்திலிருந்து ஆறரை வரை ஈடுகட்டு.

காபியை இரவு இரண்டு மணியோடு நிறுத்து. குடித்ததில் பாதி ஏறக்குறைய ஐந்து மணி நேரம் கழித்தும் ரத்தத்தில் இருக்கும். ஏழு மணிக்கே வயிறாரச் சாப்பிட்டுப் போ; நள்ளிரவில் உடம்பு சர்க்கரையைச் சரியாகக் கையாளாது. பிரியாணி ஆர்டர் செய்யாதே, சுண்டலும் மோரும் போதும். மூன்று மணிக்கு மேல் ஓய்வு கிடைத்தால் இருபது நிமிஷம் மட்டும் கண்ணயர்ந்துகொள், அதற்கு மேல் போனால் எழுந்தபின் மந்தம் தட்டும். அந்த நேரத்தில் போடும் ஊசியின் அளவை இன்னொரு சிஸ்டரிடம் காட்டிச் சரிபார்த்துவிடு. இதில் மட்டும் கூச்சப்படாதே.

மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் சந்திரசேகரன் என்ற விஞ்ஞானியின் குழுவினர் வௌவால்களிடம் இந்தக் கடிகாரத்தைச் சோதித்தார்கள். வெளிச்சம் எட்டாத குகைக்குள் கூண்டில் இருந்த வௌவால், மற்ற வௌவால்கள் கூடவே இருந்தவரை அந்தி தவறாமல் விழித்தது. தனியாக விட்டபோது அதன் நேரம் நாளுக்கு நாள் நழுவியது. நம் கடிகாரமும் அப்படித்தான். பகல், இரவு தெரியாதபடி விட்டால் ஒரு சுற்றுக்கு சராசரியாக 24 மணி 10 நிமிஷம் எடுக்கும். முன்னே இழுப்பதைவிடப் பின்னே தள்ளுவது அதற்குச் சுலபம். ஆகவே காலை, மாலை, இரவு என்ற வரிசையில் டூட்டி மாற்றித் தரும்படி இன்சார்ஜ் சிஸ்டரிடம் கேள். கடைசி நைட் முடிந்து, அன்றிரவு டூட்டி இல்லாவிட்டால் பகல் பன்னிரண்டு மணி வரை மட்டும் தூங்கு. பிறகு வெயிலில் நடந்துவிட்டு, இரவு பத்துக்குப் படு.

நாங்களும் இனி மாலை ஆறரைக்கு மேல்தான் போன் பண்ணுவோம். அப்பாவிடமும் சொல்லிவிட்டேன்.

அம்மா