குதிரைத்திறனைக் கூட்டும் முன் ராடையும் கிராங்க்கையும் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எண்ணூர் விரைவுச் சாலையில் இரவு நேரங்களில் பறக்கும் மோட்டார் சைக்கிள்களைக் காவல் துறையினர் மடக்கிப் பிடிக்கும் செய்திகள் நாளிதழ்களில் அவ்வப்போது வருகின்றன. அவற்றில் பெரும்பாலும் சைலன்சரின் சத்தம் மட்டுமே பேசப்படுகிறது. தண்டையார்பேட்டையில் சிலிண்டர் போரிங் (உட்புறத்தைக் கடைந்து அளவு சேர்ப்பது), கிராங்க் வேலை செய்யும் லேத் பட்டறை நடத்துபவன் என்ற முறையில், அந்த இன்ஜின்களுக்குள் நடப்பதைப் பற்றி எழுத விரும்புகிறேன்.

வண்டியின் வேகத்தைக் கூட்ட நினைப்பவர்கள் முதலில் சைலன்சரையும் ஏர் ஃபில்டரையும் மாற்றுகிறார்கள். அடுத்து பெரிய பிஸ்டன் போடுகிறார்கள். அந்தக் கூடுதல் விசை முழுவதையும் சுமக்க வேண்டிய கனெக்டிங் ராடு (பிஸ்டனைக் கிராங்க்குடன் இணைக்கும் தண்டு), கிராங்க் (பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் தண்டு), பேரிங், ஆயில் பம்ப் ஆகியவற்றை, உடைந்த பிறகுதான் நினைத்துப் பார்க்கிறார்கள். வேலை நடக்க வேண்டிய வரிசை இதற்கு நேர்மாறானது.

நம் பகுதியில் அனைவரும் அறிந்த வண்டியையே எடுத்துக்கொள்வோம். திருவொற்றியூரில் 1950-களின் நடுப்பகுதியிலிருந்து உருவான பழைய புல்லட் 350-இன் சிலிண்டர் விட்டம் 70 மில்லிமீட்டர், 500-இன் விட்டம் 84 மில்லிமீட்டர். இரண்டிலும் பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 90 மில்லிமீட்டர்தான். இதனால் 350 வண்டியில் 500-க்குரிய பேரலையும் பிஸ்டனையும் ஏற்றும் ஆசை எளிதில் வந்துவிடுகிறது. ஆனால் பிஸ்டனின் பரப்பு இதனால் 44 சதவீதம் கூடுகிறது. அதே அழுத்தத்தில் எரிந்தாலும் ராடின் மீது இறங்கும் விசையும் அதே அளவு கூடிவிடும். பிஸ்டனின் எடையும் கூடுவதால் கிராங்க்கை மீண்டும் பேலன்ஸ் செய்யாமல் விட்டால் வண்டி அதிரும். அந்தப் பழைய இன்ஜினின் பிக் எண்டில், அதாவது ராடு கிராங்க்குடன் சேரும் பெரிய முனையில், உருளைப் பேரிங் கிடையாது. ஆயில் படலத்தில் தளர்வாகச் சுழலும் உலோக வளையமான மிதக்கும் புஷ்தான் இருந்தது. நிதானமாக ஓட்டி, ஆயில் ஒழுங்காகப் போய்ச் சேரும்வரை அது நன்றாகவே உழைத்தது. அதிக சுழற்சியில் தொடர்ந்து விரட்டினால் தாங்காது என்பது பழைய மெக்கானிக்குகள் அனைவருக்கும் தெரிந்ததே. ஆகவேதான் விவரம் அறிந்தவர்கள் முதலில் பிக் எண்டை உருளைப் பேரிங்குக்கு மாற்றி, கூடுதல் ஆயில் தள்ளும் பம்பையும் பொருத்திவிட்டு, அதன் பிறகே சிலிண்டர், பிஸ்டன் என்ற மேல் வேலையில் கை வைக்கிறார்கள்.

இக்கால வண்டிகளில் ஆபத்து வேறு விதமாக வருகிறது. கணினி வழியாக இன்ஜினின் உச்சச் சுழற்சி வரம்பை உயர்த்திவிடுகிறார்கள். சுழற்சி கூடினால் ராடை இழுக்கும் விசை அதன் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். நிமிடத்துக்கு 8,000 சுற்றிலிருந்து 10,000 சுற்றுக்குப் போனால் விசை ஒன்றரை மடங்குக்கும் மேல் ஆகிறது. புகை வெளியேறும் வீச்சின் முடிவில் பிஸ்டன் உச்சிக்கு வரும்போது, அதைத் தடுத்து நிறுத்த எரியும் வாயுவின் அழுத்தமும் இல்லாததால், மொத்த இழுப்பும் ராடின் மீதே விழுகிறது. பெரிய முனை இரண்டாகப் பிரிந்து போல்ட்டால் இணையும் ராடு உள்ள இன்ஜின்களில் முதலில் நீண்டு அறுவது பெரும்பாலும் ராடு போல்ட்டுதான். விலை உயர்ந்த ராடை வாங்கிவிட்டு, பழைய போல்ட்டையே மீண்டும் முறுக்கச் சொல்லும் வாடிக்கையாளர்களை இன்னும் பார்க்கிறேன்.

ஃபோர்ஜ்டு (அடித்து உருவாக்கிய) பிஸ்டன் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையும் பரவியிருக்கிறது. அது வார்ப்பு பிஸ்டனைவிட வலுவானது என்பது உண்மை. ஆனால் சூட்டில் பொதுவாக அதைவிட அதிகமாக விரிவதால், சிலிண்டரில் கூடுதல் இடைவெளி விட்டுப் போர் அடிக்க வேண்டும். பழைய அளவிலேயே அடித்தால் சூடேறியதும் பிடித்துக்கொள்ளும். பிஸ்டன் ரிங்கின் இரு முனைகளுக்கு நடுவே விடும் வாய் இடைவெளியும் அப்படித்தான்: திறன் கூடினால் சூடு கூடும், வாய் போதாவிட்டால் இரு முனைகளும் முட்டி, சிலிண்டர் கீறி, பிஸ்டனின் விளிம்பே உடையும். இவை மைக்ரோமீட்டரும், சிலிண்டரின் உள்விட்டத்தைக் காட்டும் போர் கேஜும் வைத்து அளக்க வேண்டியவை. கைப்பழக்கத்தால் தீர்மானிக்கக் கூடியவை அல்ல.

இன்ஜின் தாங்கினாலும் பிரேக்கும் டயரும் பழைய திறனுக்கு ஏற்றவையே என்பதையும், பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் மாறும்படி வண்டியை மாற்றியமைப்பதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது என்பதையும் இளைஞர்கள் அறிந்திருக்க வேண்டும். இத்தகைய வேலை பந்தயத் தடத்துக்கு உரியது. சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் பந்தயங்கள் நடந்த காலத்தில் வடசென்னைக்காரர்களுக்கு அது கூப்பிடு தூரம். இப்போது இருங்காட்டுக்கோட்டை வரை போக வேண்டும்.

எனவே, வடசென்னை அரசுத் தொழிற்பயிற்சி நிலையத்தில், பணியில் இருக்கும் மெக்கானிக்குகளுக்காக இன்ஜின் உள்ளுறுப்புகளை அளப்பது, பொருத்துவது குறித்த குறுகிய கால மாலை வகுப்பு ஒன்றைத் தொடங்குமாறு அரசைக் கேட்டுக்கொள்கிறேன். போர் அளவு, ரிங் இடைவெளி, கிராங்க் ஓட்டம் (சுழலும்போது நேர்கோட்டிலிருந்து விலகும் அளவு) ஆகியவற்றை எழுதிய தாளை வேலை முடிந்ததும் வாடிக்கையாளரிடம் தரும் வழக்கத்தையும் அங்கேயே கற்பிக்கலாம். பாடத்துக்குத் தேவையான உடைந்த ராடுகளும் பிஸ்டன்களும் எங்கள் பட்டறைகளில் நிறையவே கிடக்கின்றன. விலையின்றித் தரத் தயாராக இருக்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
லேத் பட்டறை உரிமையாளர்,
தண்டையார்பேட்டை, சென்னை - 81.