வீடியோ கேம் மன்றச் செயலாளரின் ஆண்டறிக்கை: ஏப்ரல் 2024 முதல் மார்ச் 2025 வரை

தலைவர் அவர்களுக்கும், வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும், வராத உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கு இந்த அறிக்கை வாட்ஸாப்பில் வந்து சேரும். கட்டைவிரலை மட்டும் போட்டுவிட்டுப் போகாமல் ஒருமுறை படித்துவிடுங்கள்.

புதிதாகச் சேர்ந்த மூவருக்காக ஒரு சிறு முன்கதை. 2020 ஊரடங்கில் அவரவர் வீட்டிலிருந்து செல்போனில் 'அமாங் அஸ்' ஆடிய பத்துப் பேர்தான் இந்த மன்றத்தின் முதல் உறுப்பினர்கள். அந்த ஆட்டம் 2018-இலேயே வந்துவிட்டது. எல்லாரும் வீட்டுக்குள் அடைபட்ட பிறகுதான் அதற்கு மவுசு வந்தது. அப்போது ஒரு ஆட்டத்தில் பத்துப் பேருக்குத்தான் இடம். பதினோராவதாகக் கேட்டவரை வாசலிலேயே நிற்க வைத்தோம். இன்றைக்குப் பதினோரு பேர் வந்துவிட்டால் எனக்குத் திருவிழா.

ஊரடங்கு முடிந்ததும் குரோம்பேட்டையில் தலைவர் வீட்டு மொட்டை மாடி அறைக்கு வந்து சேர்ந்தோம். மாதக் கடைசிச் சனிக்கிழமை, மாலை 6 மணி. இப்போது உறுப்பினர்கள் 23 பேர்.

இந்த ஆண்டுக் கூட்டங்கள். ஏப்ரலில் 'மார்யோ கார்ட்' கார்ப் பந்தயப் போட்டி நடந்தது. மே மாதம் வெயில் தாங்காமல் ஒத்திவைத்தோம். ஜூலையில் 'ஓவர்குக்டு' ஆடினோம். நாலு பேர் ஒரே சமையலறையில் நறுக்கி, வேகவைத்து, தட்டில் வைத்து அனுப்ப வேண்டும். நம்மவர்கள் எல்லாரும் நறுக்கினார்கள், ஒருவர்கூடப் பாத்திரம் கழுவவில்லை, தட்டில்லாமல் சூப் கருகியது. ஒரு தம்பதி தனித்தனி ஆட்டோவில் வீடு திரும்பினார்கள். அக்டோபரில் தீபாவளிக்கு முந்தைய சனி, ஐந்து பேர். நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல், கூட்டம் இல்லை. அன்றும் ஒரு உறுப்பினர் ஐந்தரை மணிக்கு, "மழை விட்டா வரலாமா?" என்று கேட்டிருந்தார். அவருக்கு என் தனிப்பட்ட நன்றி. மார்ச்சில் பரீட்சை.

ஜூன் மாதத்தைப் பற்றி ஒரு விளக்கம் தர வேண்டியிருக்கிறது. ஜூன் 29 அன்று வருகைப் பதிவேட்டில் 17 கையெழுத்துகள் இருக்கின்றன. ஆண்டிலேயே அதிகபட்சம் அதுதான். ஆனால் அன்று இரவு இருபது ஓவர் உலகக் கோப்பை இறுதிப் போட்டி. மன்றத்தின் டிவியில் கிரிக்கெட் ஓடியது. ஆடுவதற்குக் கையில் பிடிக்கும் கன்ட்ரோலரை ஒருவரும் தொடவில்லை. கடைசி ஓவரில் எல்லைக்கோட்டில் சூர்யகுமார் பிடித்த கேட்சுக்கு எழுந்து குதித்ததில் மன்றத்தின் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று உடைந்தது. ஏழு ரன்னில் நாடு ஜெயித்தது, சந்தோஷம். ஆனால் இதை மன்றக் கூட்டமாகக் கணக்கில் எடுக்கலாமா என்று துணைத்தலைவர் கேட்டார். எடுத்துக்கொண்டேன். எடுக்காவிட்டால் ஆண்டுச் சராசரி வெளியே சொல்லும்படி இருக்காது.

இனி இந்த ஆண்டின் முக்கியமான வேலைக்கு வருகிறேன். இதைப் பற்றி முதுகுக்குப் பின்னால் நிறையப் பேசப்பட்டது என்பதால் சற்று விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

நம்மிடம் கன்ட்ரோலர்கள் நான்கு. மூன்றாம் நம்பர் கன்ட்ரோலரில் ஜனவரியில் டிகிரி காபி கொட்டியது. யார் என்று சொல்லவில்லை, அவருக்கே தெரியும். மின்னணுக் கடைகள் இருக்கும் ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு நான்தான் இரண்டு முறை அலைந்து சரிசெய்தேன். நான்கும் நன்றாக இருந்தாலும் ஒரே நேரத்தில் நாலு பேர்தான் ஆட முடியும். மற்றவர்கள் சுவரோரம் உட்கார்ந்து செல்போனைப் பார்த்துக்கொண்டு சமோசா எப்போது வரும் என்று கேட்பார்கள். பொருளாளரின் தாயார் மூன்று வருடமாக எல்லாக் கூட்டத்துக்கும் வருகிறார், ஒருமுறைகூட ஆடியதில்லை. "அந்தப் பொத்தான் எல்லாம் எனக்கு வராது தம்பி, நீங்க ஆடுங்க" என்பார். வருகைப் பதிவேட்டில் முதல் கையெழுத்து எப்போதும் அவருடையதுதான்.

இதற்காகத்தான் 'கீப் டாக்கிங் அண்ட் நோபடி எக்ஸ்ப்ளோட்ஸ்' என்ற ஆட்டத்தைக் கொண்டுவந்தேன். கனடாவின் ஒட்டாவாவில் ஒரு சிறு குழு செய்து 2015-இல் வெளியிட்டது. ஒருவர் முன்னால் மட்டும் திரையில் வெடிகுண்டு இருக்கும். அதை எப்படிச் செயலிழக்கச் செய்வது என்று அவருக்குத் தெரியாது. மற்றவர்கள் கையில் கையேடு இருக்கும், குண்டு கண்ணில் படாது. வாயால் கேட்டு, வாயால் சொல்லி, நேரம் தீர்வதற்குள் முடிக்க வேண்டும். மூன்று தப்பு செய்தால் வெடிக்கும். ஒரு லேப்டாப் போதும், கன்ட்ரோலரே வேண்டாம். எத்தனை பேர் வேண்டுமானாலும் கையேட்டைப் பிரித்துவைத்துக்கொண்டு ஆடலாம். அறையின் குறுக்கே என் பழைய வேட்டி ஒன்றைக் கட்டி, அந்தப் பக்கம் லேப்டாப், இந்தப் பக்கம் பாய் என்று ஏற்பாடு செய்தேன்.

கையேடு இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது, 23 பக்கம். ஆனால் ஆங்கிலம். அதைத் தமிழில் எழுதலாம் என்று தீர்மானித்தேன். "தீர்மானித்தோம்" என்று எழுதியிருக்க வேண்டும் என்கிறார் தலைவர். சரி, தீர்மானித்தோம். ஜூலைச் செயற்குழுவில் ஐவரில் மூவர் வந்திருந்தோம், மூவரும் கைதூக்கினோம். அந்த மூவரில் நானும் ஒருவன் என்பதை மறைக்கவில்லை.

மொழிபெயர்ப்பு என்றால் ஏதோ பொழுதுபோக்கு என்று நினைப்பவர்களுக்கு ஒரு பக்கத்தை மட்டும் காட்டுகிறேன். குண்டில் ஒரு பெரிய பொத்தான் வரும். பேட்டரி ஒன்றுக்கு மேல் இருந்து, பொத்தானில் 'டெட்டனேட்' என்று எழுதியிருந்தால், அழுத்தி உடனே கையை எடுத்துவிட வேண்டும். வேறு சில சமயம் அழுத்திப் பிடித்தபடியே இருந்து, பக்கத்தில் நீல விளக்கு எரிந்தால் கடிகாரத்தில் எங்காவது 4 வரும்போதுதான் விட வேண்டும். முதலாவதற்கு நான் "அழுத்தி விடு" என்று எழுதியிருந்தேன். ஆகஸ்ட் கூட்டத்தில் வேட்டிக்கு அந்தப் பக்கம் பொருளாளரின் மகன், ஒன்பதாம் வகுப்பு. இந்தப் பக்கம் அவன் பாட்டி, மூக்குக்கண்ணாடியோடு. ஏற்கெனவே இரண்டு தப்பு ஆகியிருந்தது.

"பேட்டரி எத்தனை கண்ணா?"

"ரெண்டு பாட்டி."

"பொத்தான்ல என்ன எழுதியிருக்கு?"

"டெட்டனேட்."

"அப்ப அழுத்தி விடு."

அவன் அழுத்தினான். அழுத்தியவன் கையை எடுக்கவில்லை. விளக்கு எரிகிறதே என்று கத்தினான். எடுத்தான், வெடித்தது. "நீங்கதானே அழுத்திவிடுன்னு சொன்னீங்க?" என்று அவன் வேட்டியை விலக்கிக்கொண்டு வர, "அழுத்தி, விடுன்னுதானேடா சொன்னேன்!" என்று அவர் சொல்ல, குற்றவாளி யார் என்று எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எழுத்தில் நடுவில் இருந்த இடைவெளி வாயில் எங்கே போனதோ. அன்று இரவு பஜ்ஜி தின்றுகொண்டே அந்த அம்மாள்தான் வழி சொன்னார்: "தட்டுன்னு போட வேண்டியதுதானே தம்பி. கதவைத் தட்டற மாதிரி. இன்னொண்ணுக்கு அமுக்கிப் பிடின்னு போடு." அவ்வளவுதான். இரண்டாம் பதிப்பில் 'தட்டு', 'அமுக்கிப் பிடி'. அதற்குப் பிறகு அந்தப் பொத்தானில் நாம் ஒருமுறையும் வெடிக்கவில்லை.

இதுபோல ஒவ்வொரு பக்கமும் ஒரு வழக்கு. நாலு விசித்திரக் குறிகளைக் காட்டி, கையேட்டில் அந்த நாலும் இருக்கும் பத்தியைக் கண்டுபிடித்து, மேலிருந்து கீழாக வரிசைப்படி அழுத்தச் சொல்லும். கிரேக்க எழுத்தும் ரஷ்ய எழுத்தும் கலந்து கிடக்கும். ஆளாளுக்கு ஒரு பெயர் சொன்னால் குண்டு காத்திருக்குமா? ஆகவே பெயர்ப் பட்டியல் ஒன்று தயாரித்து செப்டம்பரில் ஓட்டுக்கு விட்டேன். சூலம், லாடம், தண்டவாளம், மின்னல் ஆகியவை போட்டியின்றித் தேர்வாகின. வட்டத்துக்குக் கீழே ஒரு காம்பு இருக்கும் குறிக்கு 'பலூன்' நாலு ஓட்டு, 'கரண்டி' ஏழு ஓட்டு. பலூன் கட்சியினர் இன்றுவரை பலூன் என்றே சொல்லி வருகிறார்கள். சென்ற மாதம் ஒரு குண்டு அதனால் போனது.

ஒலியால் குழப்புவதற்கென்றே ஒரு பக்கம் உண்டு. 'யுவர்', 'யூ ஆர்' என்று காதுக்கு ஒன்றுபோலவே கேட்கும் ஆங்கிலச் சொற்கள் திரையில் வரும். ஆமாம் என்பதற்கும் இல்லை என்பதற்குமான முனகல்கள்கூட வரும். திரையில் ஆங்கிலம்தானே இருக்கிறது, அதனால் அந்தப் பக்கத்தை மொழிபெயர்க்க முடியாது. எழுத்துக் கூட்டிச் சொல்ல வேண்டும் என்று விதி எழுதி, முனகல்களுக்கு மட்டும் 'ம்', 'ம்ஹூம்' என்று போட்டேன். இதில் தோற்றதை ஒப்புக்கொள்கிறேன். இருட்டில் இரண்டும் ஒன்றுபோலத்தான் கேட்கின்றன.

தந்தி இலாகாவில் இருந்து ஓய்வுபெற்ற நம் மூத்த உறுப்பினரைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. 2013 ஜூலையில் நாட்டில் தந்தியை மூடியதிலிருந்து தனக்குத் தெரிந்த வித்தை யாருக்கும் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தவர். குண்டில் ஒரு விளக்கு மோர்ஸ் குறியில் மினுக்கும், அது எந்தச் சொல் என்று கண்டுபிடித்து அதற்கான அலைவரிசையை வைக்க வேண்டும். மற்றவர்கள் புள்ளியும் கோடும் தாளில் குறித்து மூன்று நிமிடம் திணறும் இடம். டிசம்பரில் அவரை வேட்டிக்கு அந்தப் பக்கம் உட்கார வைத்தோம். விளக்கு ஒரு சுற்று மினுக்கி முடிவதற்குள், முழங்காலில் விரலால் தாளம் போட்டபடி, "ஸ்ட்ரோப். எஸ்-டி-ஆர்-ஓ-பி-ஈ. எத்தனைல வைக்கணும், சொல்லுங்கோ" என்றார். 3.545 என்று இந்தப் பக்கத்திலிருந்து ஆறு குரல்கள். அறையில் கைதட்டல் ஓய வெகுநேரம் ஆயிற்று. குண்டில் இன்னும் இரண்டு பகுதி பாக்கி இருந்ததை எல்லாரும் மறந்துவிட்டதால் அதுவும் வெடித்தது.

இந்த வேலைக்கு ஆன செலவு பற்றி. நாலு செட், லேமினேஷன் உட்பட. "செயலாளர் சொந்த ஆசைக்கு மன்றப் பணம்" என்று சொன்ன உறுப்பினர் அதைக் கூட்டத்தில் எழுந்து சொல்லியிருந்தால் நேரிலேயே பதில் சொல்லியிருப்பேன். அவர் வந்து ஐந்து மாதம் ஆகிறது. சந்தா தந்து அதைவிட அதிகம்.

சந்தா என்றதும் கணக்கு. மாதம் 100 ரூபாய், ஆண்டுக்கு 1,200. இருபத்து மூவரில் முழுதாகக் கட்டியவர்கள் ஒன்பது பேர். சிலர் பாதி, சிலர் "ஜிபே பண்ணிடறேன்" என்ற அளவில் நிற்கிறார்கள். வரவும் செலவும் ஏறக்குறைய சமமாகவே இருக்கின்றன. ஏறக்குறைய என்பதை விளக்கப் பொருளாளர் தனியாக அறிக்கை தருவார். டீ, சமோசா, மின்கட்டணத்துக்குத் தலைவரிடம் கொடுக்கும் தொகை, கன்ட்ரோலர் ரிப்பேர், நாற்காலி ஆகியவை போகக் கையிருப்பு சொற்பம். 'மார்யோ கார்ட்'டில் பின்னால் வருபவர்களுக்கு நல்ல ஆயுதமாகக் கொடுத்து முன்னே தள்ளிவிடுவார்கள், முதலில் போகிறவன் தலையில் நீல ஆமை ஓடு வந்து விழும். நம் மன்றத்திலும் அதே நடைமுறை இருக்கிறதோ என்று சந்தாவை ஒழுங்காகக் கட்டும் ஒன்பது பேரும் சந்தேகப்படுகிறார்கள்.

நன்றிகள். இடம் தந்த தலைவருக்கு, மாடிப்படியில் ஏறி இறங்கும் சத்தத்தைப் பொறுத்துக்கொண்ட அவர் வீட்டாருக்கு, டிவியை இரவல் தந்துவிட்டுத் திரும்பக் கேட்காத துணைத்தலைவருக்கு, பொருளாளருக்கு, கீழ்வீட்டுக்காரருக்கு. "குண்டு, குண்டு" என்று இரவு ஒன்பது மணிக்குக் கத்தும்போது முதல்முறை பயந்து மேலே வந்தவர், இப்போது பயப்படுவதில்லை. பிழை திருத்திய பொருளாளரின் தாயாருக்குத் தனி நன்றி.

அடுத்த ஆண்டு. இந்தப் பொறுப்பில் நான் நாலு ஆண்டுகளாக இருக்கிறேன். கண்ணும் முன்போல இல்லை, வீட்டிலும் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். இளையவர் யாராவது முன்வந்தால் பீரோச் சாவியை இன்றே கொடுத்துவிடத் தயார். போன வருடமும் இதையே சொன்னேன், அப்போது எல்லாரும் மின்விசிறியைப் பார்த்தார்கள். ஒருவரும் வராவிட்டால் கையேட்டின் மூன்றாம் பதிப்பு முடியும்வரை தொடர்வதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆறு பேர் பாக்கியைக் கட்டினால்கூட அதை அச்சடித்துவிடலாம். பெயர்களை இங்கே வாசிக்க வேண்டாம் என்று தலைவர் கேட்டுக்கொண்டார், வாசிக்கவில்லை. பட்டியல் என் சட்டைப்பையில் இருக்கிறது.

கடைசியாக ஒன்று. கையேட்டின் இரண்டாம் செட்டில் சுவர்ப்பாதைப் பக்கத்தைக் காணோம். குண்டு வைத்திருப்பவர் கண்ணுக்குச் சுவர் தெரியாது, அந்தத் தாளில் மட்டும்தான் சுவர்கள் இருக்கின்றன. பிப்ரவரிக் கூட்டத்தில் யாரோ பஜ்ஜித் தட்டுக்கு அடியில் வைத்ததாகக் கேள்வி. வீட்டில் இருந்தால், எண்ணெய்க் கறையோடு என்றாலும் பரவாயில்லை, வரும் சனிக்கிழமை கொண்டுவந்து தரவும்.

இப்படிக்கு,
செயலாளர்