செவிலியப் பாடநூலில் சிஸ்டர் மேரி ஜோசப் பற்றிய பாடம் சேர்க்கக் கோரும் மனு

அனுப்புநர்
செவிலியத் தொழிற்கல்வி ஆசிரியை,
அரசு மகளிர் மேல்நிலைப் பள்ளி,
திண்டுக்கல் மாவட்டம்.

பெறுநர்
இயக்குநர் அவர்கள்,
மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனம்,
சென்னை - 6.

பொருள்: மேல்நிலைச் செவிலியப் பாடநூலில் பாடம் சேர்த்தல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். "துடைக்கிற வேலைக்கா டீச்சர் படிக்கிறோம்?" என்று வருடத்துக்கு ஒரு மாணவியாவது கேட்டுவிடுகிறாள். அதற்கு நான் சொல்லும் பதில், சிஸ்டர் மேரி ஜோசப் என்ற அமெரிக்கச் செவிலியரின் கதை. அது பாடநூலிலேயே இருக்க வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை.

1883 ஆகஸ்ட் 21 அன்று அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்திலுள்ள ராச்செஸ்டர் என்ற சிற்றூரைச் சூறாவளி புரட்டிப் போட்டது. ஊரில் ஆஸ்பத்திரி கிடையாது. பள்ளிக்கூடம் நடத்திவந்த பிரான்சிஸ்கன் என்ற கத்தோலிக்கத் துறவற சபையின் கன்னியர்கள்தான் அடிபட்டவர்களைப் பார்த்துக்கொண்டார்கள். அப்புறம் அவர்களின் தலைவி மதர் ஆல்பிரட் மோஸ், டாக்டர் வில்லியம் வொரல் மேயோவிடம், "ஆஸ்பத்திரியை நாங்கள் கட்டுகிறோம், நீங்கள் பொறுப்பேற்றால் போதும்" என்ற பொருள்படக் கேட்டார். இவ்வளவு சின்ன ஊருக்குக் கட்டுப்படியாகாது என்று டாக்டர் தயங்கினார். கன்னியர்கள் விடவில்லை. வாயைக் கட்டி, வயிற்றைக் கட்டிக் காசு சேர்த்தார்கள். 1889-ல் 27 படுக்கைகளோடு செயின்ட் மேரிஸ் மருத்துவமனை திறந்தது. இன்று அது மேயோ கிளினிக்கின் ஒரு பகுதி.

ஆனால் அந்தக் கன்னியர்கள் ஆசிரியைகள், செவிலியம் தெரியாது. பயிற்சி பெற்ற செவிலியரான எடித் கிரஹாம் அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். அப்படிக் கற்றவர்களில் ஒருவர் சிஸ்டர் மேரி ஜோசப் டெம்ப்சி. 1892 முதல் 1939-ல் இறக்கும்வரை மருத்துவமனையை நிர்வகித்தவர். பெரிய டாக்டரின் மூத்த மகன் வில்லியம் மேயோவுக்கு 1915 வரை அறுவை அரங்கில் உதவியவரும் அவரே. ஆபரேஷனுக்கு முன் நோயாளியின் வயிற்றைத் துடைத்துச் சுத்தம் செய்யும்போது, சிலருக்குத் தொப்புளில் கெட்டியாக ஒரு கட்டி தட்டுப்படுவதையும், அவர்களுக்கு உள்ளே புற்றுநோய் பரவியிருப்பதையும் அவர் கவனித்துச் சொன்னார். மகன் மேயோ அதை 1928-ல் எழுதினார். 1949-ல் ஹாமில்டன் பெய்லி என்ற ஆங்கிலேய அறுவை மருத்துவர் அதற்கு சிஸ்டரின் பெயரையே வைத்தார். மருத்துவ மாணவர்கள் இன்றும் அந்தப் பெயரில்தான் படிக்கிறார்கள். செவிலியம் படிக்கும் எங்கள் பிள்ளைகளுக்கு அது தெரிய வேண்டாமா?

எனவே அடுத்த பாடநூல் திருத்தத்தின்போது பதினோராம் வகுப்பில் இதற்கு இரண்டு பக்கம் ஒதுக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன். தேர்வில் இரண்டு மதிப்பெண் கேள்வியாகவாவது வர வேண்டும். இல்லையென்றால் அந்தப் பக்கத்தை யாரும் புரட்டமாட்டார்கள் என்பது தாங்கள் அறியாததல்ல. தமிழில் நான் எழுதிய பாட வரைவை இத்துடன் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
செவிலியத் தொழிற்கல்வி ஆசிரியை